எதிர்க்கடையில் இறங்கிய பச்சை

பள்ளிக்கூடச் சீருடையின் நிறம் மாறப்போகிறது என்று தெரு முழுக்கப் பேச்சு. எந்த நிறம் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அறிவிப்பு வந்தபின் துணி வாங்கினால் ஆனை விலை, குதிரை விலை. முன்னாலேயே வாங்கினால் குருட்டாம்போக்கு. டெய்லர் ஒரு வாரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

அன்று காலை எதிரே இருக்கும் தையல்கடையில் ஒரு கட்டு பச்சைத் துணி இறங்கியது. அவ்வளவுதான், நம்மவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"அவன் மச்சான் அந்த ஸ்கூல்ல வாட்ச்மேன். விஷயம் தெரியாம வாங்குவானா?"

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்களேன்" என்றாள் மனைவி.

"தொழில் ரகசியத்த எவன் சொல்லுவான்?"

படுக்கைக்கு மேல் ஒழுகும் கூரையை மாற்ற அவள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், ஆறு கட்டுப் பச்சையாக வீட்டுக்குள் வந்தது. அவள் கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள்.

மறுநாள் எதிர்க்கடையில் இன்னும் எட்டுக் கட்டு இறங்கியது. டெய்லருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"மச்சான் சொல்லிட்டாரு போல?"

"அவன் வேலைய விட்டு ரொம்ப நாளாச்சுங்க. மொத கட்டு, வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்க. அப்புறம் நீங்க அள்ளிக்கிட்டு வந்ததப் பார்த்துத்தான் மிச்சத்த வாங்கினேன். உங்களுக்கு யாரு சொன்னா?"

டெய்லர் வந்த வழியே திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பயம் என்றால் அப்படியொரு பயம்.

கடவுள் கண் திறந்ததுபோல, துணி விற்ற மொத்தக்கடை முதலாளியே சாயங்காலம் போன் செய்தார். "அந்தப் பச்சையத் திருப்பிக் கொடுத்திடுங்க. வாங்கின விலைக்கு மேலயே தரேன்."

"கொடுத்துத் தொலைங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் அள்ளினதப் பார்த்துட்டுத்தான் கேக்கறாரு."

டெய்லர் முகத்தில் பழைய ஞானம் திரும்பிவிட்டது. "அவ்வளவு பெரிய முதலாளி, ஒண்ணும் தெரியாமலா கேப்பாரு? நெருப்பில்லாம புகையுமா?" போனில், "விக்கிற மாதிரி இல்லீங்க" என்று சொல்லி வைத்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். நிறம் மாறவில்லை. அதே பழைய நீலம்.

அன்றைக்கென்று பார்த்து மழை. கூரை வழக்கம்போலப் படுக்கைமேல் ஒழுகியது. மனைவி எழுந்து போய் ஒரு கட்டைப் பிரித்து, நீளமாகக் கிழித்து, தன் பக்கத்து மெத்தைமேல் விரித்தாள்.

"நல்ல துணிதான். தண்ணிய நல்லா இழுக்குது" என்றாள். "இன்னொரு கட்டப் பிரிங்க. உங்க பக்கமும் ஒழுகுது."