மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

"அடைக்கச் சொல்லுதேன்ல, மொதல்ல அதை—"

"அடைச்சா நான் இந்த ஏணியில காலே வைக்க—"

"வைக்காட்டிப் போ! காசிம், நீரு செங்கல்லை எடும்."

"எடுத்துப் பாரும் மிஸ்திரி. மத்தியானச் சோறு கெடையாது."

கொத்தனார் காசிம் மிஸ்திரி செங்கல்லையும் எடுக்கவில்லை, கையையும் கழுவவில்லை. தாராவியில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் வைத்தவர். புருஷன் பெண்டாட்டி சண்டை தானாக ஆறிவிடும், குழைத்த சிமெண்டு காத்திருக்காது என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை.

கரீம் பாட்சா தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தவர். தங்கள் ஒற்றை அறைக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்த மாடியறையை, பம்பாய்ப் பேச்சில் மாலாவை, பார்க்க ஏறினால், மேற்குச் சுவரில் தலையும் தோளும் நுழைகிற அகலத்துக்கு ஓட்டை. மனைவி மதீனா பீவி சொல்லி, காசிம் விட்ட ஓட்டை.

"மேக்குச் செவத்துல எவனாவது ஜன்னல் வைப்பானா? மேக்க கிப்லா பாத்துத் தொழ நின்னா, ரயில் காடி ஓடுறதா கண்ணுல படணும்?"

"பள்ளிவாசல்ல மட்டும் ஜன்னல் இல்லியாக்கும்?"

"அது பள்ளிவாசல்."

"இது என் வீடு. நான் வந்த நாள்ல இருந்து கீழ பகல்லயும் லைட்டு எரியுது. பம்பாய்ல இருக்கேன்னு எல்லாருக்கும் சொல்லுதேன். பம்பாய் எங்க இருக்கு? கதவைத் தொறந்தா எதுத்த வீட்டுக் கதவு. ஒரு பெருநாளைக்குச் சௌபாட்டி கூட்டிட்டுப் போனீயளே, அன்னைக்குப் பாத்ததுதான் கடலு. இன்னிக்கு இந்த ஓட்டையில தலைய விட்டேன். வந்து பாருங்க. ஒரே ஒரு வாட்டி."

கரீம் பாட்சா பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் போகும். சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கு வாக்குக் குடுத்துட்டேன்ளா."

பிரம்மநாயகம் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர். சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். முதலில் மாலா போடுகிறவர் அந்தச் சுவரை உயர்த்த வேண்டும். பின்னால் போடுகிறவர் தன் உத்தரத்தை அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். அந்தச் சந்தில் அது எழுதாத சட்டம். மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை.

"தீவாளி கழிஞ்சு அவரும் மாலா போடுதாரு. மவனுக்குக் கல்யாணம் வருதுல்லா. அதுக்கப்புறம் உன் ஜன்னலைத் தொறந்தா, அண்ணாச்சி சட்டை தொங்குத ஆணிதான் தெரியும்."

மதீனா பீவி ஓட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? எதுக்கு கிப்லாவ இழுத்தீய?"

"சொன்னா உன் மூஞ்சி இப்பிடி ஆவும்னுதான்."

"தீவாளி வரைக்குமாவது இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

காசிம் மிஸ்திரி கையைக் கழுவினார்.

சாயங்காலம் ஏணி கிறீச்சிட்டது. பிரம்மநாயகத்தின் மனைவி மீனாட்சியம்மாள், புடவையில் மாவுக் கறையோடு ஏறி வந்தாள்.

"என்னளா மதீனா, மத்தியானம் எங்க வீட்டுப் பானையெல்லாம் அதிர்ந்துச்சே? எங்க அந்த ஜன்னல்?"

தலையை நுழைத்தவள் அப்படியே நின்றாள்.

தகரக் கூரைகளையும் டிவி ஆன்டெனாக்களையும் தாண்டி, மாஹிம் உப்பங்கழியின் சதுப்புச் செடிகள் கறுத்துக் கிடந்தன. பாலத்தில் ரயில் ஒன்று, வாசலெல்லாம் ஆட்கள் தொங்க, பாந்த்ரா பக்கம் போனது. அங்கே குன்றின் மேல் மாதா கோயிலின் இரட்டைக் கூம்பு. உயர்ந்த கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், செம்பை உருக்கி ஊற்றியதுபோல ஒரு விரல் அகலக் கோடு.

"அது என்னதுளா, பளபளன்னு?"

"கடலு, அக்கா."

"சீ, போ. கடலாவது? இம்புட்டுப் பக்கத்துலயா? இத்தனை வருசமா மாவாட்டிட்டு இருக்கேன், ஒரு நாளும் சத்தம் கேக்கலியே!"

"உங்க ஆட்டுரல் சத்தத்துல அதுக்கே காது அடைச்சிருக்கும்."

மீனாட்சியம்மாள் சிரித்தாள். பிறகு ஏதோ கணக்குப் போட்டவள்போலத் திரும்பினாள்.

"நாங்க மாலா போட்டா இதெல்லாம் எங்க பக்கம் வந்துரும், இல்லியா?"

"வந்துரும். உங்களுக்கு இன்னும் தெளிவாத் தெரியும். மாவாட்டி முடிச்சு நிமிந்து நல்லாப் பாருங்க. நான் எப்பவாவது வந்து பாத்துக்கிடுதேன்."

"வயித்தெரிச்சல் இல்லாமலா சொல்லுதே?"

"கொஞ்சம் இருக்கு."

தீபாவளி கழிந்தது. பிரம்மநாயகத்தின் வீட்டு முன்னால் மரமும் தகரமும் வந்து இறங்கின. அந்த வேலையும் காசிம் மிஸ்திரிக்குத்தான். உத்தரம் ஏறி, தரைப்பலகையும் போட்டான பிறகு, ஜன்னலை அடைக்கச் செங்கற்களைக் கரீம் பாட்சா தானே மேலே தூக்கிக்கொண்டு வந்தார். மதீனா பீவி கீழேயே இருந்துகொண்டாள். முதல் செங்கல்லை வைப்பதற்குள், ஓட்டையின் அந்தப் பக்கத்திலிருந்து பிரம்மநாயகத்தின் தலை நீண்டது.

"பாய், என்ன பண்ணுதீரு?"

"அடைக்கேன் அண்ணாச்சி. இனி அது உங்க வீடுல்லா."

"நீரு அடைச்சா எனக்குச் சோறு கெடையாதாம். சொல்லிப்புட்டா வீட்டுக்காரி."

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஜன்னலா? நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நாலு பேரும் கீழ இருக்கான் வே. சின்னஞ்சிறுசுக கீழ இருந்துக்கிடும். மேல நாங்க ரெண்டு பேரும் மாவுப் பானையும்தான். திரைச்சீலையை உம்ம பக்கம் போட்டுக்கிடும். மதீனா தொறந்தாத்தான் தொறந்தது. எங்க கை அதுல படாது. காசிம், நூலை எடும்."

காசிம் மிஸ்திரி நடுச்சுவரின் ஜன்னலில் நூலைக் கட்டினார். பிரம்மநாயகத்தின் புது அறைக்குக் குறுக்கே இழுத்து, மட்டம் பார்த்து, அவருடைய மேற்குச் சுவரில் நூல் தொட்ட இடத்தில் இன்னொரு ஜன்னல் விட்டார். "ஒரு நூல் பிசகினாலும் எனக்கும் சோறு கெடையாதுல்லா" என்று முணுமுணுத்தபடியே விட்டார்.

வேலை முடிந்து அவர்கள் சாமான்களை ஏற்றிய அன்று சாயங்காலம், மதீனா பீவி திரைச்சீலையை விலக்கினாள். அந்த அறையில் ஆணி அடிக்காத இடமில்லை. சட்டை, பை, இட்லித் துணி, முருகன் படம், ஒன்றின் மேல் ஒன்றாய்த் தட்டுகள். ஆனால் இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. துணிக்கொடிகூட அந்த வழியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

பின்னால் வந்து நின்ற கரீம் பாட்சா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். பாலம், ரயில், விளக்குகள், அந்த விரல் அகலம். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், தனக்கு மட்டும் கேட்கும்படி.

காலையிலிருந்து மதீனா பீவி நன்றி சொல்லச் சில வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தாள். அந்தக் கோடியில், மேற்கு ஜன்னலில் சாய்ந்து மீனாட்சியம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை விலகிய சத்தம் கேட்டுத் திரும்பியவள், மறைக்கிறோமே என்று அவசரமாக ஒதுங்கப் போனாள்.

"நகராதீங்கக்கா. அங்கனயே நில்லுங்க, இப்பந்தான் எல்லாம் தெரியுது."