நாற்பத்து மூன்று ஆரஞ்சு நெற்றிகள்

இரண்டு கண்ணும் ஒழுங்காகத் தெரிந்த காலத்திலேயே டெல்மர் எந்த மனிதனையும் முழுசாக நம்பியதில்லை. எழுபத்தொரு வயதில் ஒரு கண்ணில் புரை விழுந்த பிறகு, மிச்சம் தெரியாத பாதி உலகத்தைச் சந்தேகத்தாலேயே நிரப்பிக்கொண்டிருந்தார். கோழி முட்டையிட்டேன் என்று கொக்கரித்தால்கூட எழுந்துபோய்க் கூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்து காபி குடிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் நெப்ராஸ்கா மணல் குன்றுகளில் மேய்கிற அறுநூறு இளங்காளைகளை குவின்ட் என்கிற வெளியூர்க்காரனிடம் ஒப்படைத்திருந்தார் என்றால், அதற்கு அவருடைய இடுப்பெலும்புதான் காரணம். அதை மாற்றி வைத்த டாக்டர், "இனிமே குதிரைன்னா படத்துல பாருங்க" என்று சொல்லிவிட்டார். குவின்ட் ஏப்ரலில் ஓக்லஹோமாவிலிருந்து வந்தான். கூடவே மனைவி டெஸ், ஒரு வண்டிச் சாமான், பிளம் என்கிற நீலச் சாம்பல் நிறப் பெண் குதிரை. குன்றுக்குக் கீழே பண்ணை வீட்டைக் கொடுத்தார்கள். இப்போது டெஸ்ஸுக்கு ஏழு மாதம். வேலை போனால் அந்த வீடும் போகும்.

போக வேண்டியதுதான் என்று டெல்மர் முடிவு கட்டியது ஆகஸ்ட் கடைசியில். பற்ற வைத்தவர் பக்கத்துப் பண்ணை லாய்ட்.

"உன் ஆளு கயிறு வீசறதப் பாத்தேன் டெல்மர்" என்றார் லாய்ட், தீவனக் கடைக் காபியை உறிஞ்சியபடி. "அடேங்கப்பா! கை அரிக்குது போல அவனுக்கு. சீக்கு இருக்கோ இல்லையோ, நாலு காலு இருந்தாப் போதும், புடிச்சுப் போடறான்."

டெல்மர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். போன வருஷம் வேட் என்றொருவன் இருந்தான். கயிறு வீசும் ஆசையில் நல்ல மாட்டையெல்லாம் தினமும் துரத்தித் துரத்திப் பிடித்து, 'வைத்தியம் பார்த்தேன்' என்று கதை விட்டவன். ஒன்றுக்குக் கால் முறிந்தது. மற்றவை ஓடியே கொழுப்பிழந்து, விற்பனைக்கு லாரியில் ஏற்றும் நாளில் விலா எலும்பில் கிதார் வாசிக்கலாம் என்கிற அழகில் நின்றன. இந்த வருஷ லாரி வர இன்னும் மூன்றே வாரம்.

"தொரத்திட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லு" என்றார் லாய்ட், பிரசங்கம் கேட்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "பாவம், பொண்டாட்டி மாசமா இருக்கா. நான் ஏதாச்சும் பாத்துக்கறேன்."

டெல்மர் நேராக மேய்ச்சல் நிலத்துக்கு பிக்கப்பை ஓட்டிப்போய்த் தொலைநோக்கியை எடுத்தார். மருந்து போட்ட மாட்டுக்கு நெற்றியில் ஆரஞ்சு மெழுகுக்கட்டியால் ஒரு கோடு இழுப்பது அந்தப் பண்ணை வழக்கம். ஒரே மாட்டுக்கு இரண்டு தடவை ஊசி போய்விடாது. எதிரே வரும்போதே தெரிந்துவிடும். டெல்மர் எண்ணினார். திரும்ப எண்ணினார். நம்பாமல் மூன்றாவது தடவையும் எண்ணினார். நாற்பத்து மூன்று நெற்றிகள்!

மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுவத்தில் குவின்ட் சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"இந்த மாசம் எத்தனைக்கு மருந்து போட்ட?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார் டெல்மர்.

"ஒம்போது, முதலாளி. எல்லாமே குளம்பு அழுகல்." சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நீட்டினான். தேதி, காது அட்டை எண், எத்தனை மில்லி, எல்லாம் எறும்பு வரிசை போல எழுதியிருந்தது. ஒன்பதே வரி.

டெல்மர் மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதிலும் ஒன்பது ஊசி அளவுதான் குறைந்திருந்தது. வேறு யாராவது என்றால் அங்கேயே மனசு ஆறியிருப்பார்கள். டெல்மருக்கு அதுதான் பெரிய சாட்சியாகப் பட்டது. அட பாவி! ஒன்பதுக்கு மருந்து, முப்பத்து நாலு வெறும் விளையாட்டுக்கு! பிடித்து உருட்டிவிட்டு, எனக்கு நாமம் போட அதுகளுக்கும் நெற்றியில் கோடு!

"அப்புறம் முதலாளி, அந்த மெழுகுக்கட்டி…" என்று குவின்ட் இழுத்தான். "வெயில்ல வெண்ணெயா வழியுது. பேன்ட்டெல்லாம் ஆரஞ்சு. டெஸ் தொவைச்சே நொந்து போயிட்டா. புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?"

"ரெண்டு டஜன் கெடக்கு. தீரட்டும்."

ஆட்டுப் பண்ணை ஒன்றை ஏலம் விட்டபோது, யாரும் சீந்தாத பெட்டியாக டெல்மர் அள்ளிவந்த சரக்கு அது. இருபது வருஷப் பழசு. பேச்சை மாற்றுகிறான் பார், கைகாரன் என்று நினைத்துக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டில் மனைவி அர்லீனிடம் தீர்ப்பைச் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் அவனை அனுப்பிடறேன்."

அர்லீன் உருளைக்கிழங்குக் கரண்டியைக் கீழே வைத்தாள். "யோவ், அந்தப் பொண்ணு நேத்துதான் தொட்டிலுக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சா. நல்ல மாட்ட அவன் புடிச்சத நீ பாத்தியா?"

"நாளைக்குப் பாப்பேன்ல?"

"அப்ப பாத்துட்டு வந்து பேசு."

சனிக்கிழமை காலை பிக்கப்பைக் குன்றுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, டெல்மர் நடந்தார். நானூறு அடி தூரம்தான். ஆனால் அவர் பிற்பாடு சொன்ன கணக்கில் அது நாலு மைல். தண்ணீர் இறைக்கிற காற்றாடிக்குப் பக்கத்தில் மாடுகளுக்கான உப்புத் தொட்டி இருந்தது. மழை விழாமல் மேலே கனமான ரப்பர் மூடி தொங்கும். மாடு நெற்றியால் அதை முட்டித் தூக்கிவிட்டு உப்பை நக்கும். டெல்மர் அதன் பின்னால் குந்தினார். புதிய இடுப்பு 'கடக்' என்றது. மூடியில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, இடுக்கு வழியே பார்த்தார்.

குவின்ட் வந்தான். ஓடவில்லை, கூவவில்லை. பிளம் மந்தைக்குள் நடந்த நடை, தூங்குகிற குழந்தைகளுக்கு நடுவே தாய் நடக்கிற நடை. ஓரிடத்தில் அதன் இரு காதுகளும் ஒரு சிவப்புக் காளை பக்கம் திரும்பின. காளையின் நெற்றி சுத்தமாக இருந்தது. முழங்கால் உயரப் புல்லில் அது நின்ற நிலையைப் பார்த்தால் நோயாளியாகவே தெரியவில்லை.

"புடி, புடி… இன்னைக்கு நீ மாட்டின" என்று டெல்மர் பல்லுக்குள் சிரித்தார்.

கயிறு ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பறந்து காளையின் கழுத்தில் விழுந்தது. குவின்ட் மறுமுனையைச் சேணக் கொம்பில் முடிந்தான். மிச்சக் கயிறு காளையின் வலப்பக்கத் தொடையில் படிய, பிளம் இடப்பக்கமாக முந்தி நடந்தது. அவ்வளவுதான். அறுநூறு பவுண்டுக் காளை, படுக்கையில் சாய்கிற கலெக்டர் மாதிரி கௌரவமாகச் சாய்ந்தது. குவின்ட் இறங்கிப் பின்னங்கால்களைக் கட்டப் போனான். குதிரை மேல் ஆளில்லை. ஆனாலும் பிளம் கயிற்றை ஒரு மயிரிழை தளரவிடாமல் பின்னுக்குச் சாய்ந்து நின்றது. காளை திமிறினால் அரையடி பின்வாங்கும். அடங்கினால் அப்படியே நிற்கும். தாமே ஏறி உட்கார வேண்டும் என்று டெல்மரின் இடுப்பு துடித்தது. 'சும்மா இரு, நீ உளவு பார்க்க வந்தவன்' என்று அதை அதட்டிவிட்டு எழுந்தார்.

"டேய்! மாட்னியா! நல்ல மாட்டப் புடிச்சு உருட்டறியா?" என்று கத்திக்கொண்டே நொண்டி நொண்டிப் போனார்.

குவின்ட் திடுக்கிட்டுத் திரும்பினான். பிளம் திரும்பவில்லை, அதற்கு வேலை இருந்தது.

"வாங்க முதலாளி. இங்க மோந்து பாருங்க."

பின்னங்கால் குளம்பு ரோஜா நிறத்தில் வீங்கி, பிளவில் வெடித்திருந்தது. மூன்று மாவட்டத்துக்குப் போதுமான நாற்றம். டெல்மர் மூக்கைப் பிடித்துக்கொண்டார், ஆனால் சந்தேகத்தை விடவில்லை.

"இது சரி, ஒத்துக்கறேன். நாப்பத்து மூணு நெத்தில கோடு இருக்கே, அதுக்கு என்ன சொல்ற? உன் நோட்டுல ஒம்போதுதானே?"

குவின்ட் அவர் முகத்தையே பார்த்தான். அவன் உதடு துடித்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"என்னடா இளிக்கற?"

"நாப்பத்து நாலு முதலாளி. உங்களையும் சேத்து."

டெல்மர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் வெண்ணெய் போல ஆரஞ்சு மெழுகு. உப்புத் தொட்டி மூடியில் முட்டுக் கொடுத்த அதே இடம்.

அவர் யாரையும் நம்புகிறவரில்லை. தம் விரலையும் நம்பவில்லை. ஊசி போட்டு, கோடு இழுத்து, கட்டவிழ்த்துக் காளையை அனுப்பிய பிறகு இருவரும் காற்றாடி நிழலில் நின்று காத்தார்கள். கால் மணியில் ஒரு கறுப்புக் காளை உப்புக்கு வந்தது. சுத்தமான நெற்றியால் ரப்பர் மூடியை முட்டியது, சாவகாசமாக நக்கியது, தலையை எடுத்தது. கண்ணுக்கு நடுவே பளிச்சென்று ஆரஞ்சுப் பட்டை.

"செவப்பையும் சேத்து நாப்பத்து ஆறு" என்றான் குவின்ட்.

"எனக்கு எண்ணத் தெரியும்" என்றார் டெல்மர். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, "புது மெழுகு வாங்கிக்க. பச்சை" என்றார். பிறகு பிளம்மின் கழுத்தை, குவின்ட் பார்க்காத பக்கமாக நின்று தட்டிக்கொடுத்தார்.

வீட்டு வாசலில் அர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு எத்தன மில்லி போட்டான்?"

"வாய மூடு."

"லாய்ட் ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். குவின்ட்டை வெரட்டியாச்சான்னு கேக்கறான். அவன் பண்ணைல வீடு காலி பண்ணி வெள்ளை கூட அடிச்சிட்டானாம்."

டெல்மர் வாசலிலேயே நின்றார். அவருடைய சந்தேகம் முழுவதும், அறுநூறு காளையும் ஒரே நேரத்தில் தலை திருப்புவது போல, லாய்ட் இருக்கும் திசைக்குத் திரும்பியது.

திங்கட்கிழமை தீவனக் கடையில் லாய்டின் தோளில் கை போட்டார். "நீ சொன்னது நூத்துக்கு நூறு லாய்ட். மகா மோசமான ஆளு. என்னையே புடிச்சு நெத்தில கோடு போட்டுட்டான்னா பாத்துக்க. அவன் கண்ணு பட்டாலே உன் மாடெல்லாம் எலும்பாயிடும். பெரிய மனசு பண்ணி நானே வச்சுச் சகிச்சுக்கறேன்."

லாய்டின் முகம் தொங்கியது.

"ஆனா நீ நல்லது சொன்னதுக்கு நான் ஏதாச்சும் செய்யணும்ல?" என்று சொல்லி, பிக்கப்பிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தார். "குறி போடற மெழுகுக்கட்டி. இருபத்து மூணு இருக்கு. வெயில் நல்லா அடிக்கற நாளா பாத்துப் போடு."