கொட்டை எடுக்காத புளி

புளி ஒட்டிய கையைக் கழுவக்கூட நிற்காமல் லூர்து மேரி கொட்டகையிலிருந்து மண்டிக்குள் ஓடினாள். மேசையிலிருந்த டெலிபோனைத் தூக்கி முதலாளி மாயவனின் மடியிலேயே வைத்தாள்.

“அண்ணா, பாப்பாரப்பட்டிக்கு உடனே போடுங்க. அந்த மனுசன் நாளைக்குக் காலையில வூட்டுக்கு வர்றாராம்!”

“குடி கெட்டுச்சு” என்றார் மாயவன்.

அந்த மனுசன் என்றால் சவரி, அவள் புருஷன். எமர்ஜென்சியில், மிசா சட்டத்தில் உள்ளே போனவர்களின் பெயர்களை நோட்டீஸாக அடித்துப் இந்தப் பாப்பிரெட்டிப்பட்டி சந்தையில் கைக்குக் கை கொடுத்தவன். மறுநாளே போலீஸ் தேட, ஊரை விட்டு ஓடினான். பாப்பாரப்பட்டியில் ராணியம்மாளின் வெல்ல மண்டியில், ‘சென்றாயன்’ என்ற பெயரில் எடை போட்டுக்கொண்டிருந்தான். ஊரில் இது தெரிந்தவர்கள் இந்த இருவரும், இன்று காலை அங்கிருந்து அவன் சேதியைக் கொண்டுவந்த கண்ணம்மாளும்தான். நாளைக் குருத்து ஞாயிறுக்கு அவன் பிள்ளைகளோடு மாதா கோயிலுக்குப் போக வேண்டுமாம். ஆசையைப் பார்!

இன்று விடிந்தபோது லூர்து மேரியின் வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஏறுகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று கேட்டதும், திரும்பிப் போக மாட்டேன் என்று கண்ணம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

மிச்சம் டெலிபோன் ஒன்றுதான். அதற்கும் காது முளைத்திருந்தது. தபாலாபீஸ் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருக்கும் ராஜமேரி, போன வாரம் கோயிலில் முழந்தாளிட்டபடியே அவளிடம் கிசுகிசுத்திருந்தாள். “அக்கா, எம் பக்கத்துல மப்டியில ஒரு அதிகாரி உக்காந்துகிட்டு இருக்காரு. இன்னொரு ஹெட்போன் அவரு காதுல. ஊரு பேசறது பூரா கேக்கறாரு.”

அதற்குத்தான் புளி.

யோசனை லூர்து மேரியுடையது. நாள் முழுக்கப் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பவள். “கொட்டை எடுத்த புளின்னா வழி சுத்தம், வரலாம். கொட்டையோட இருக்குதுன்னா உள்ள போலீஸ் இருக்குது” என்று சவரி ஓடிப்போன அன்று சொல்லி அனுப்பினாள். “போலீஸ்காரனைக் கொட்டையாக்கிப்புட்டியே, கழுதை” என்று அவன் சிரித்தான். புளி மண்டிக்காரர் புளியைப் பற்றிப் பேசினால் எந்தக் காதுக்குத்தான் உறுத்தும்?

மாயவன் ரிசீவரை எடுத்தார். “ராஜமேரி, பாப்பாரப்பட்டி ஒண்ணு போடும்மா. ராணியம்மா வெல்ல மண்டி.”

பாப்பாரப்பட்டி லைன் தர்மபுரி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். “தர்மபுரி! ஹலோ தர்மபுரி! பாப்பாரப்பட்டி குடுங்க! ராணியம்மா மண்டி!” என்று ராஜமேரி தொண்டை கிழியக் கத்துவது ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. லூர்து மேரி முந்தானையைப் பிழிந்துகொண்டே நின்றாள். ஒரு யுகம் கழித்து மணி அடித்தது.

“யாரு, சென்றாயனா? நாந்தான் புளி மண்டி! நாளைக்குச் சரக்கெடுக்க வராத, கேட்டுச்சா? புளி அத்தனையும் கொட்டையோட கெடக்குது!”

மறுமுனையில் தராசுத் தட்டு ‘டங்’கென்று கீழே விழுந்தது.

“டேய், சென்றாயா!”

“எத்தனை கொட்டைங்க?”

“ரெண்டு! தடிக் கொட்டை!”

“அப்ப வேணாங்க” என்றது அந்தக் குரல். பிறகு, தயங்கி, “கொட்டை எடுக்கறவங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்க.”

மாயவன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “சாப்ட்டியாங்கறான் புள்ள” என்றார். அவள் சிரித்தாள். எத்தனையோ வாரம் கழித்து வந்த சிரிப்பு.

“தடிக் கொட்டையாமே! உங்களுக்கு வாய் ரொம்பத்தான்ண்ணா.”

“கேக்கறவன் கேக்கட்டும் போ. மண்டையை உடைச்சுக்கிட்டாலும் அவனுக்கு வெளங்காது.”

வெயில் தாழும் நேரத்தில் மண்டி வாசலில் ஜீப் நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி வந்தார். காதுமடலில் ஹெட்போன் அழுத்திய சிவப்புத் தடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு புளியம்பழத்தை எடுத்து உடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல புளி. ரெண்டு கிலோ கட்டுங்க முதலாளி. அப்புறம் நீங்களும் ஜீப்புல ஏறிக்குங்க.”

“நானா? எதுக்குங்க?”

அதிகாரி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் போட்டார். பழுப்புத் துணியில் மாதா படம் வைத்துத் தைத்து, வேதக்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் உத்தரியம். கயிறு அறுந்திருந்தது. ஓரத்தில் அவள் கையால் போட்ட நீலத் தையல்.

“சென்றாயன்னு பேரை மாத்திக்கிட்டான். கழுத்துல கெடந்த மாதா படத்தைக் கழட்ட மனசு வரலை. மண்டியில புதுசா சேர்ந்தவன் சட்டையைத் திறந்து பார்த்தாங்க, முடிஞ்சுது. இந்நேரம் தர்மபுரி லாக்கப்புல இருப்பான்.”

லூர்து மேரி உத்தரியத்தை எடுத்தாள். புளிக் கையில் துணி ஒட்டிக்கொண்டது. அதிகாரியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“கொட்டைன்னா போலீசுன்னு... உங்களுக்கு எப்படிங்க வெளங்குச்சு?”

“கொட்டையா?” அவர் நிஜமாகவே விழித்தார். “ஓ, அதுவா! அடேங்கப்பா, நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க! நான் வெல வாசி பேசறாருன்னுல்ல நெனைச்சேன்!”

“அப்ப எப்படி...”

“நீங்க என்ன பேசினா எனக்கு என்னம்மா? முதலாளி சேலத்துக்குப் பேசுவாரு, ஈரோட்டுக்குப் பேசுவாரு. நான் உக்காந்த நாளா பாப்பாரப்பட்டிக்குப் பேசினதே இல்ல. இன்னைக்கு அந்தப் பொண்ணு ‘பாப்பாரப்பட்டி, ராணியம்மா மண்டி’ன்னு ஊருக்கே கேக்கக் கத்துச்சு. அதோட எனக்கு வேண்டியது கெடைச்சிருச்சு, மிச்சத்தை அரைக் காதுலதான் கேட்டேன்.”

மாயவன் தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

“எப்படியும் நாளைக்கு அவரு வூட்டாண்ட வந்து மாட்டியிருப்பாரு” என்றாள் லூர்து மேரி, அவரிடமோ உத்தரியத்திடமோ. “வாசல்லதான் ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்களே.”

“நாளைக்கு வர்றதா இருந்தானா?” அதிகாரி புளியங்கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்தார். “அது எங்களுக்குத் தெரியாதேம்மா. வாசல்ல ஆளை உக்கார வெச்சது அவனைப் பிடிக்க இல்ல. அவங்களைப் பார்த்துட்டு நீ எந்த ஊருக்குப் போன் போடச் சொல்றேன்னு பார்க்கத்தான்.”