பக்கத்து மூச்சு

இசைவிழாவின் காலை ஒன்பது மணி வயலின் கச்சேரிக்கே என் சம்பந்தி வந்து உட்கார்ந்துவிட்டார், அதுவும் என் பக்கத்து நாற்காலியில். அரங்கில் எண்ணூறு நாற்காலிகள். எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு காலி.

"வேற இடமே கிடைக்கலையா, சம்பந்தி?"

"தேடினேன் சம்பந்தி. எங்க உக்காந்தாலும் உங்க இருமல் கேக்குது. அதான் கிட்டவே வந்துட்டேன்."

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் நாற்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். என் மகன் அவர் மகளைக் கட்டியதில் தவறில்லை; பேத்தி பிறந்த பிறகுதான் போர் மூண்டது. நான் பாடினால் குழந்தை வீறிடுகிறாளாம், அவர் பாடினால் தூங்குகிறாளாம். இதை ஊரில் அவர் சொல்லாத ஆள் இல்லை. தெருநாய்கூட என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது.

இருவரும் ஒரே சேர்ந்திசைக் குழு; அன்று மாலை அதே மேடையில் எங்கள் பாட்டு. அடிக்குரல் பாட நாங்கள் இருவர் மட்டுமே. குழுவை நடத்தும் பல் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "அடுத்த மாசம் அடிக்குரல்ல ஒரு தனிப்பாட்டு இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் யார் நல்லா பாடுறாங்களோ அவங்களுக்கு."

அது எனக்குக் கிடைத்தால் அந்தத் தாலாட்டுப் புரளி அன்றோடு ஒழியும்.

வயலின் தேன். இரண்டு முறை கண் கலங்கியது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று தும்மினேன். மதியம் பியானோ. வாசித்த பெண் கீழ்ச்சுரங்களை அடித்த அடியில் நகரத்து லிஃப்ட்டெல்லாம் தரைத்தளத்துக்கு இறங்கியிருக்கும். சம்பந்தி தொடையில் தாளம் போட்டார், எல்லாம் அரை நொடி முந்தி.

"இன்னும் பெல் அடிக்கல சார்," என்றேன். முறைத்தார். சொர்க்கம்!

மாலை மேடையேறினோம். முன்வரிசையில் என் மகன் மடியில் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். பாட்டின் கடைசிச் சுரத்தை நாற்பது எண்ணும்வரை விடாமல் இழுக்க வேண்டும். எந்த மனிதனுக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது. அதனால் பக்கத்தில் நிற்பவர்கள் மாற்றி மாற்றித்தான் மூச்சு வாங்க வேண்டும். முழங்கையால் ஒருவர் இடித்துவிட்டு வாங்குவார், மற்றவர் விடாமல் பிடித்துக்கொள்வார்.

சுரம் தொடங்கியது. பத்து. அவர் இடிக்கவில்லை. முதலில் மூச்சு வாங்குகிறவன் தோற்றவன் அல்லவா? நானும் இடிக்கவில்லை. இருபது. அவர் காது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. என் கண்ணுக்குள் நட்சத்திரங்கள். இருபத்தெட்டில் இரண்டு பேரும் ஒரே நொடியில் வாயைப் பிளந்தோம், கரையில் போட்ட மீன்களைப் போல.

அடிக்குரல் அறுந்தது. பாட்டுக்குக் கீழே பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் பேத்தி விழித்து வீறிட்டாள். மீதிப் பன்னிரண்டு எண்ணிக்கையையும் அவளே இழுத்தாள், மூச்சே வாங்காமல்.

திரைக்குப் பின்னால் டாக்டரம்மா நின்றார், பல்லைப் பிடுங்கப்போகிறவர் போல.

"இவர்தான் முதல்ல விட்டார்," என்றார் சம்பந்தி.

"யாரு, நானா? குழந்தை யார் பக்கம் பார்த்து அழுதாள்னு கேளுங்க!"

"போதும். தனிப்பாட்டு ரெண்டு பேருக்கும் இல்ல. அடுத்த கச்சேரிக்குக் கீழ உக்காந்து கேளுங்க."

எனக்குக் கிடைக்கவில்லை. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கும் கிடைக்கவில்லை! மறுநாள் காலையே போய் டிக்கெட் வாங்கினேன். அவர் எந்த நாற்காலி என்று கேட்டு, அதற்கு அடுத்தது.