கேமராவுக்காகப் போட்ட விளக்குகள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஜெர்சனின் கை முதலில் சுவிட்ச் போர்டைத் தேடும். தாம்பரத்து உள்ளூர் கேபிள் சேனலுக்கு அவன்தான் செய்தியாளன், கேமராமேனும் அவன்தான். மங்கலான படத்தை எவரும் பார்க்கமாட்டார் என்று தொழிலுக்கு வந்த புதிதில் யாரோ சொன்னது விரல்களில் தங்கிவிட்டது. கல்யாண மண்டபமோ காவல் நிலையமோ, இருக்கிற விளக்கையெல்லாம் போட்ட பிறகே கேமராவைத் தோளில் ஏற்றுவான். போட்டதை அணைத்ததாக அவனுக்கு நினைவில்லை.

அந்தக் கோடையில் சேனல் ஒரு தொடரைத் தொடங்கியது. அரசு அலுவலகங்களில் மின்சாரம் வீணாவதை ஊருக்குக் காட்டினால் திருந்துவார்கள் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், ஓரிரு இடங்களில் பகல் விளக்குகள் அணைந்தும் போயின. பிறகு ஒரு வாரம் புதிய படம் அகப்படவில்லை. ஜெர்சன் பழைய பதிவுகளைத் துழாவினான். பெருங்களத்தூர் அருகே ஓர் அலுவலகத்தில் பட்டா முகாமின்போது எடுத்த காட்சி கிடைத்தது. சாப்பாட்டு நேரம், ஆளில்லாத கூடம், கூரை முழுக்க வெளிச்சம். 'யாருக்காக எரிகிறது?' என்று தலைப்பிட்டு அன்று மாலையே ஒளிபரப்பினான்.

அலுவலகக் கண்காணிப்பாளர் சத்யபிரியாவுக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவருடைய கருத்தையும் பதிவு செய்யலாம் என்று ஜெர்சன் போனபோது, கூடத்தில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

"வாங்க சார்," என்றார் எழுத்தர் தனசிங். "உங்க புண்ணியத்துல இன்னிக்கு ஃபுல் லைட்டு. மேடம் சொன்னாங்கன்னு ஒரு வருஷமா ஜன்னல் வெளிச்சத்துலயே வேலை பார்த்துகினு இருந்தோம். கெடச்ச பேரு இதான். இனிமே எரிஞ்சா இன்னா, அணைஞ்சா இன்னா?"

சாக்கு என்று நினைத்தபடி ஜெர்சன் உள்ளறைக்குப் போனான். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு சத்யபிரியா எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு பைட், மேடம், ரெண்டு வரி பேசினா போதும்," என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கை சுவருக்குப் போய்விட்டது. அறை பளிச்சென்றது.

சத்யபிரியா பேனாவை மூடினார். "முகாம் அன்னிக்கும் இப்படித்தான் சார் போட்டீங்க. சாப்பிட்டு வந்து நாங்கதான் அணைச்சோம்."

"சேனலுக்கு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணேன். கவர்மென்ட் ஆபீஸ்ல வேற என்ன சொல்வீங்கன்னு வெச்சுட்டாங்க. மெமோவுக்கு நான் பதில் எழுதிக்கிறேன், அது பெரிசில்ல. இவங்களை மறுபடி ஒரு சுவிட்சை அணைங்கன்னு எந்த முகத்தோட கேட்பேன்?"

சேற்றுக் காலோடு ஒரு வீட்டுக்குள் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்த கொக்கு, 'இது பெருக்காத வீடு' என்று ஊரெல்லாம் சொல்லிவந்ததாம். அது தன் காலை எப்போது குனிந்து பார்த்தது என்று கதையில் இல்லை. ஜெர்சன் அப்போது தன் கையைப் பார்த்தான். சுவிட்சின்மேல் அவன் விரல் இன்னும் இருந்தது.

அதை அணைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து தனசிங்கிடம் கேமராவை நீட்டினான்.

"அண்ணா, இந்தக் கேமராவைக் கொஞ்சம் பிடிங்க. என்னை எடுங்க."

"நானா? எனக்கு இன்னா தெரியும் சார்?"

"அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்க, போதும்."

ஜெர்சன் சுவிட்ச் போர்டின் பக்கத்தில் போய் நின்றான். "போன வாரம் நீங்கள் பார்த்த விளக்குகளைப் போட்டது இந்த அலுவலகம் அல்ல, நான்," என்றான். அவனே ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினான். உள்ளறை வாசலில் சத்யபிரியா வந்து நின்றார்.

"சார், படம் இருட்டா கீதே," என்றார் தனசிங்.

"அப்படியே இருக்கட்டும்ணா."

அந்த வாரத் தொடரில், அதே நேரத்தில், அந்த மங்கலான படம்தான் ஓடியது.