பூசணிக்கு அடியில் மடை

விடிந்ததும் மருமகள் தக்காளிப் பாத்தியில் கால் வைத்தாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். இரவெல்லாம் கொட்டிய மழை இன்னும் விட்டபாடில்லை. செடிக்குச் செடி பச்சைக் காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. வேரோ சேற்றுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மத்தியானம் வரை தண்ணீர் இப்படியே நின்றால் வேர் அழுகிவிடும். அப்புறம் மொத்தத் தோட்டமும் வெந்த கீரைதான்.

"மழைக்காலத்துல எவனாவது தக்காளி போடுவானா?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டதும், "எவனும் போடாததாலதான் நாம போடணும்" என்று இவள் ஒற்றைக் காலில் நின்றதும் நாற்று நட்ட அன்று நடந்த கதை. அன்று முறிந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாத்தியில் களை எடுத்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இத்தனை நாள் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமா! எல்லாப் பேச்சும் இவள் கணவன் வழியாகத்தான் போய் வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, பாவம், அவன் மத்தளமாகவே ஆகிப்போனான்.

தண்ணீர் போக வழி இல்லாமல் இல்லை. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், வாய்க்காலைப் பார்த்து ஒரு மடை உண்டு. கோடையில் மாமியார் அதைக் கல் வைத்து அடைத்து, எருவைக் கொட்டி, பூசணி விதையை ஊன்றினாள். சும்மா கிடக்கிற இடம்தானே! மண்டையைப் பிளக்கிற வெயிலில் மழை யாருக்கு ஞாபகம் வரும்? பூசணியைக் கேட்க வேண்டுமா, மூலையையே வளைத்துப் போட்டு அண்டா அண்டாவாகக் காய்த்துக் கிடந்தது. முற்ற இன்னும் கொஞ்ச நாள்தான். காலையில் அந்தக் காய்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் டீ குடிப்பாள்.

மருமகள் மண்வெட்டியோடு மூலைக்கு ஓடினாள். கொடிக்குள் எதுவும் தெரியவில்லை.

"என்னங்க, மடை எந்த இடம்னு உங்கம்மாவைக் கேளுங்க!"

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் நின்ற மாமியார் மகனைப் பார்த்தாள். "பூசணிக்கு அடியில இருக்குன்னு சொல்லுடா. பூசணி என்னோடதுன்னும் சொல்லு."

"அம்மா என்ன சொல்றாங்கன்னா..."

"எனக்குக் காது கேக்குது!"

வெட்டிவிடலாம். தக்காளிக்கு முன்னால் பூசணி எம்மாத்திரம்? ஆனால் ஓங்கிய கை இறங்கவில்லை. காலையில் காயைத் தட்டிப் பார்க்கும் அந்தக் கிழடுதட்டிய விரல்கள்தான் கண்முன் வந்து நின்றன. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கொடியை நுனியிலிருந்து முழம் முழமாகத் தூக்கி, கணு ஒடியாமல், பிஞ்சு உதிராமல் மேட்டில் கிடத்தினாள். பிறகு தூரைச் சுற்றிச் சேற்றுக்குள் கையை விட்டுக் கல்லைத் தேடினாள். நகக்கண்ணில் மண் ஏறியதுதான் மிச்சம். பின்னால் முதல் வரிசையின் அடிக்காய்கள் முழுகத் தொடங்கியிருந்தன. அவள் இன்னும் ஆழமாகக் கையை விட்டாள்.

சளக் சளக்கென்று யாரோ தண்ணீரில் இறங்கி வந்தார்கள்.

"அங்க இல்லடி. தள்ளு."

நேருக்கு நேர் பேச்சு! மருமகள் நிமிர்வதற்குள் மண்வெட்டி மாமியார் கைக்குப் போய்விட்டது.

"வேணாம் அத்தை, வேர் போயிடும்! நான் சுத்தித் தோண்டிடறேன்."

"நீ சுத்தி முடிக்கறதுக்குள்ள உன் தக்காளி மீனுக்குத்தான். நான் அடைச்சது, நானே திறக்கறேன்."

ஒரே வெட்டு. பூசணித்தூர் சாய்ந்தது, அடியில் கல் ணங்கென்றது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார்கள். கல் அசைந்தது, வழுக்கியது, சட்டென்று பெயர்ந்து வந்தது. இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். மடை ஹோவென்று வாய் திறக்க, தோட்டத்துத் தண்ணீர் மொத்தமும் முண்டியடித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது. கூடவே தூரடியில் கிடந்த பெரிய பூசணி ஒன்றும் காம்பறுந்து கிளம்பிவிட்டது.

"ஐயோ, பெருசு போகுது! புடிடா!"

கணவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தான். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் இருவரும் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஒரு மேடு தெரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"அத்தை, தலை தெரியுது! பாருங்க அத்தை!"

"தெரியுதுடி, தெரியுது." மாமியார் முகத்துச் சேற்றை வழித்தாள். "அடுத்த மழைக்கு இன்னும் ரெண்டு பாத்தி சேத்துப் போடு. மடைப் பக்கம் மட்டும் என்னை விடாதே."

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியாருக்கும்தான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது, இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரில் பூசணியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அவன் வந்து நின்றான். அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"இப்ப இதை யாருகிட்ட குடுக்கறது?"

சேறு வழியும் நான்கு கைகள் ஒன்றாக நீண்டன.