குழாயைப் பிடிக்க இன்னொரு ஆள்

நெருப்புக்குள் நுழைந்து ஓர் உயிரைத் தூக்கிவரத் தெரிந்த ஆளுக்கு நடேசன் வைத்திருந்த விலை, மாதம் நாற்பதாயிரம், குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு, ஞாயிறு லீவு. ஒரகடம் கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு ஆட்களைப் பிடித்துத் தரும் தரகர் அவர். அரசாங்கச் செலவில் பயிற்சி பெற்ற சரக்கு தீயணைப்பு நிலையத்தில் இருக்கும்போது வேறெங்கே தேடுவார்?

முதல் ஆளை இழுப்பதுதான் கஷ்டம். அவன் போன இடத்தை யாரும் நிரப்பமாட்டார்கள். மிச்சமிருப்பவனுக்கு லீவு போய்விடும். அவன் தானாகவே வந்து கதவைத் தட்டுவான். இப்படி மூன்று பேரைத் தூக்கியாயிற்று. நாலாவது ஆள் தளவாய்.

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் அவன் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். குடும்பம் தூத்துக்குடிப் பக்கம். மூன்று வருடமாக ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்குப் போகவில்லை. மாற்று ஆள் இல்லையென்று இந்த வருட விண்ணப்பமும் திரும்பிவிட்டது.

“துட்டுக்காக வரல அண்ணாச்சி. எம் மவ என்னைய போன்லதான் அப்பான்னு கூப்பிடுதா.”

“வூடு தர்றாங்கபா. பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு வந்துடு.”

திங்கட்கிழமை ராஜினாமா கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

டீக்கடையில் பேசிய அன்று மத்தியானமே நடேசனின் கிடங்கு பற்றிக்கொண்டது. கம்பெனிகள் கழித்துப்போடும் அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் வாங்கி விற்பது அவருடைய இன்னொரு வியாபாரம். மாடியறையில் மகள் சசிரேகா இருந்தாள். படிக்கட்டு முழுக்கக் கரும்புகை. தான் ஆள் அனுப்பிய கம்பெனிக்குத்தான் நடேசன் முதலில் போன் போட்டார். எங்கள் ஆட்கள் கேட்டுக்கு வெளியே வரமாட்டார்கள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

அரசாங்க வண்டிதான் வந்தது. ஓட்டுநர் அந்தோணிராஜும் தளவாயும் மட்டும் இறங்கினார்கள்.

“மீதிப் பேரு எங்கபா?”

“ஒங்க கம்பெனியில இருக்காவ அண்ணாச்சி,” என்றான் அந்தோணிராஜ், பம்பைவிட்டு நகராமல். “போய் அந்தக் குழாயப் பிடிங்க. ஒத்த ஆளுக்கு அது நிக்காது.”

தளவாயின் முதுகில் தோளை முட்டுக்கொடுத்து நடேசன் குழாயைப் பிடித்தார். தண்ணீரின் வேகத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்தார். தீ அடங்கி வழி கிடைத்ததும் தளவாய் மேலே ஓடினான். நினைவில்லாத சசிரேகாவோடு இறங்கியபோது அவன் இடது கை வெந்திருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மகள் கண் விழித்தாள். நடேசன் தளவாயின் கட்டிலருகே வந்து நின்றார்.

“ஆளு நிக்கணும்னா லீவு குடுக்கணும், வூடு குடுக்கணும், போனவன் எடத்துல ஆளு போடணும். இதெல்லாம் பண்ணாம ஆளு நிக்கலன்னு கவருமெண்டு திட்றதும் தப்பு, நின்னவன விலபேசி இட்டுகினு போன நானும் தப்பு. கலெக்டராண்ட மனு எடுத்துகினு போறேன். ராஜினாமா குடுக்காம கொஞ்சம் பொறுத்துக்கோ தம்பி.”

“எத்தன நாளைக்கு அண்ணாச்சி?”

எந்தக் கேள்விக்கும் ஒரு விலை சொல்லத் தெரிந்தவர், அவன் கைக்கட்டைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். மனசுக்குள் கணக்கு ஓடியது. எடுத்தது மூன்று ஆள். கிடைத்தது ஒரு மகள். பாக்கி, தளவாய் பார்க்காத மூன்று கொடை.